ஒரு கை மாத்திரை, ஒரு டம்ளர் பால்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கும் கடிதம், சற்றுச் சுருக்கி:

“ஐயா, என் அம்மாவுக்கு 63 வயது. பல வருடமாகச் சர்க்கரை உண்டு. போன வாரம் நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அரை மணிக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. இங்கே டாக்டரிடம் காட்டியதில் சிப்ரோஃப்ளாக்சசின் 500, காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாளைக்கு எழுதினார். கூடவே பி-காம்ப்ளெக்ஸ், வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில். ஏற்கெனவே கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். இங்கிலீஷ் மாத்திரை சூடு என்று எல்லாவற்றையும் பாலில்தான் முழுங்குவார். நாலு நாள் ஆகியும் எரிச்சல் பாதிதான் குறைந்திருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, படபடப்பாக வருகிறது என்கிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒருவர் சத்து மாத்திரை ஆன்டிபயாடிக்கை வேலை செய்ய விடாது என்கிறார். பக்கத்து வீட்டு அத்தையோ சத்து மாத்திரை போடாவிட்டால் உடம்பு இற்றுப்போகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பால், தயிரை நிறுத்திவிடலாமா? மீன், கத்திரிக்காய் ஆகாது என்கிறார்களே, நிஜமா? என் சித்தி சங்கு பற்பம் கொடு, எரிச்சல் நிற்கும் என்கிறார். கொடுக்கலாமா?”

சகோதரி, பால், தயிரெல்லாம் அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் படபடப்பு.

கிளிமிபிரைடு சர்க்கரையை இறக்கும் மாத்திரை. நீர்க்கடுப்புக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கான சிப்ரோவும் அதோடு சேர்ந்தால் சிலருக்குச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடும். வயதானவர்களுக்கு இது கூடுதலாக நடக்கிறது. அம்மா சாப்பாட்டையும் குறைத்துவிட்டார் என்கிறீர்கள், மாத்திரையோ அதே அளவில் போய்க்கொண்டிருக்கிறது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, காரணமில்லாத எரிச்சல் பேச்சு, இதில் ஏதாவது வந்தால் அந்த நிமிஷமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியோ கஞ்சியோ சாப்பிட வையுங்கள். மீட்டர் வீட்டில் இல்லை, ஆனால் இந்த அறிகுறிகள் இருக்கின்றன என்றாலும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடலாம். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், இறங்கி மயங்கிவிட்டால்தான் ஆபத்து. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எது எப்படி இருந்தாலும் இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, “சிப்ரோ சாப்பிடும் நாளில் கிளிமிபிரைடு அளவு இப்படியே இருக்கட்டுமா” என்று கேட்டுவிடுங்கள். நீங்களாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தால், அடுத்து காபியைச் சந்தேகப்படுவேன். காபி, டீயில் இருக்கும் கஃபீனை நம் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வெளியே அனுப்பும். அந்த வேலையைச் செய்யும் நொதியைச் சிப்ரோ அமுக்கிவிடுகிறது. விளைவு, காலையில் குடித்த காபி சாயங்காலம் வரை உடம்பில் தங்கும். மூன்று டம்ளர் குடித்தால் ஐந்தாறு குடித்த மாதிரி. தூக்கம் போவதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் இதனாலும் வரும். நம் வீடுகளில் இதற்குத்தான் “மாத்திரை சூடு” என்று பெயர் வைத்து, இன்னும் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுகிறோம். மருந்து முடியும் வரை நாளுக்கு ஒரு காபியோ டீயோ போதும், அதுவும் காலையிலேயே. இதே நொதியை நம்பி இன்னும் சில மருந்துகள் இருக்கின்றன. மூச்சு இளைப்புக்குச் சாப்பிடும் தியோஃபிலின் வகை மாத்திரை, கழுத்து இடுப்புப் பிடிப்புக்கு எழுதும் டிசானிடின். இரண்டாவதைச் சிப்ரோவோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். அம்மா எப்போதோ வாங்கிய “பிடிப்பு மாத்திரை” டப்பாவில் கிடந்தால் எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.

சரி, இப்போது பால்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மருந்துக் கவர்கள் தெளிவாகத் தெரிகின்றன. சிப்ரோ கவரின் மேல் பேனாவில் 1-0-1. பி-காம்ப்ளெக்ஸ் கவரில் 1-0-1. கால்சியத்தில் 0-0-1, இரும்பில் 1-0-0. இந்த எழுத்து மருந்தாளுநர்கள் எல்லோரும் எழுதுவதுதான், நானும் தினம் எழுதுகிறேன். காலை, மதியம், இரவு என்பதை அது சொல்லும். எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்லாது. அதனால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் உங்கள் வீட்டிலும் நடக்கிறது: சாப்பிட்டு முடித்ததும் உள்ளங்கையில் ஐந்து மாத்திரையைக் கொட்டி, ஒரே வாயில் போட்டு, மேலே ஒரு டம்ளர் பால். அம்மாவுக்கு எழுதிய மருந்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அவை எல்லாம் ஒரே நேரத்தில் வயிற்றில் சந்திப்பதுதான் சிக்கல்.

சிப்ரோ, ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் இவை ஒரு குடும்பம். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் இன்னொரு குடும்பம். இந்த இரண்டு குடும்பத்துக்கும் உலோகச் சத்துகளைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் இதில் எது குடலில் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். கை கோத்துக்கொண்ட இரண்டு பேர் டவுன் பஸ் படியில் ஏற முடியாத மாதிரி, ஒட்டிக்கொண்ட மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் ஏறாது. வந்த வழியே மலத்தோடு போய்விடும். நீங்கள் 500 மில்லிகிராம் கொடுத்தீர்கள், ஆனால் கிருமிக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவு இல்லை.

எவ்வளவு குறையும் என்பது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. சிப்ரோவை வெறும் பாலோடோ தயிரோடோ விழுங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். நார்ஃப்ளாக்சசின் என்றால் பாதி. இரும்பு மாத்திரையோடு சேர்த்தால் சிப்ரோவில் பாதிக்கு மேலேயே போய்விடும். துத்தநாகம் கலந்த வைட்டமின் மாத்திரையோடு சுமார் நான்கில் ஒரு பங்கு. எல்லாவற்றிலும் மோசம் ஜெலுசில் வகை. அதில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன, சேர்த்துக் குடித்தால் சிப்ரோவில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். பால் பாவம், அதன் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அந்த ஜெலுசிலை யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியதும் அதுதான்.

அடுத்தது அந்த பி-காம்ப்ளெக்ஸ். ஆன்டிபயாடிக் எழுதினால் கூடவே ஒரு பி-காம்ப்ளெக்ஸ் எழுதுவது நம் ஊரில் ஒரு சம்பிரதாயம். எழுதாவிட்டால் “டாக்டர் சத்துக்கு ஒன்றும் எழுதலையே” என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. ஒரு வாரத்து ஆன்டிபயாடிக்கால் ஓரளவு சாப்பிடும் ஒருவருக்கு வைட்டமின் பஞ்சம் வந்துவிடாது. வெறும் பி வைட்டமின்கள் சிப்ரோவைத் தொந்தரவு செய்வதும் இல்லை. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸில் பலவற்றில் ஜிங்க், அதாவது துத்தநாகம், சேர்ந்தே வருகிறது. சிலவற்றில் பெயருக்குப் பின்னால் ஒரு இசட் எழுத்து ஒட்டியிருக்கும். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜிங்க் சல்ஃபேட், ஜிங்க் குளுக்கோனேட் என்று ஏதாவது இருந்தால் அது இந்தக் கணக்கில் வரும். சில “மல்டிவைட்டமின்” மாத்திரைகளில் இரும்பு, மெக்னீசியம் எல்லாமே இருக்கும். ஆக, மருந்துக்கடைக்காரர் சொன்னது பாதி சரி. அத்தை சொன்னது, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும், சரியில்லை. அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், நாளைக்கு ரசம் வைத்துக் கொடுக்கப்போவது அவர்தான்.

இதற்கெல்லாம் மருந்தை மாற்ற வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சிப்ரோவுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இதுதான்: மாத்திரையை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து கால்சியம், இரும்பு, ஜெலுசில் எதுவும் எடுக்கலாம். ஆனால் அவற்றை முதலில் எடுத்துவிட்டால் சிப்ரோவுக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஏன் இந்தப் பாரபட்சம் என்றால், சிப்ரோ சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும், இவையோ குடலில் வெகு நேரம் தங்கும். லீவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் போதும்.

அம்மாவுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பல் விளக்கியதும், ஆறு மணி வாக்கில், சிப்ரோ. ஒரு சொம்புத் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு இட்லியோ இரண்டு வாய் இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம். அந்த நேரத்தில் வாய் நமநமவென்று டீக்கு ஏங்கும். பால் சேர்க்காத வரட் டீ அரை டம்ளர் கொடுங்கள், அன்றைய கணக்கு அதோடு முடிந்தது என்று சொல்லிக் கொடுங்கள். எட்டு மணிக்கு மேல் காலைப் பலகாரம், சர்க்கரை மாத்திரை டாக்டர் சொன்ன நேரத்தில். அந்தச் சாப்பாட்டில் பால், தயிர் இருந்தால் பாதகமில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு டம்ளர் மோரும் குடிக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த சிப்ரோ, மறுபடி தண்ணீரில் மட்டும். நாலு மணி டீயை இந்த வாரம் விட்டுவிடுங்கள், பதிலாகச் சுண்டல் ஒரு கை. இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குத் தள்ளி, அதோடு கால்சியம் மாத்திரை. படுக்கும் முன் ஒன்பது மணிக்கு அவருக்குப் பிரியமான பால், சர்க்கரை சேர்க்காமல். மறுநாள் காலை மாத்திரைக்கு ஒன்பது மணி நேரம் இருப்பதால் ஒரு வம்பும் இல்லை.

இரும்பு மாத்திரையையும் ஜிங்க் உள்ள பி-காம்ப்ளெக்ஸையும் மீதி நாள்களுக்கு நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றே சொல்வார். மாதக்கணக்கில் சாப்பிடும் இரும்பு சில நாள் விட்டுப்போனால் ரத்தம் குறைந்துவிடாது. இதைச் சொல்லும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. “மாத்திரையை நிறுத்து” என்றால் சிலர் தைராய்டு மாத்திரை, பி.பி. மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். நான் சொல்வது சத்து மாத்திரைகளை மட்டும். ஜெலுசிலுக்குப் பதில் பேன்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதினால் சிப்ரோவோடு இந்த ஒட்டல் பிரச்சினை வராது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

அதற்காக, இந்த நேரக் கணக்கைச் சரிசெய்தால் எரிச்சல் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு நாள் ஆகியும் பாதிதான் குறைந்திருக்கிறது என்பது எனக்கு வேறு ஒரு சந்தேகத்தையும் தருகிறது. நம் நாட்டில் நீர்க்கடுப்பை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பங்கு இப்போது சிப்ரோவுக்கு அசைவதில்லை. வருடக்கணக்காகச் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதை அள்ளி விழுங்கியதன் பலன். பால் குடித்ததால் மருந்து பாதியானதா, கிருமியே மருந்தை மதிக்கவில்லையா என்பது சிறுநீர்க் கல்ச்சர் பார்த்தால்தான் தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மதுரை வரும் வேலை இருந்தால் பெரியாஸ்பத்திரியிலும் எடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மருந்தை மாற்றுவது நல்லதில்லை என்பதால், அதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். குளிர்க்காய்ச்சல், விலாப் பக்கமோ முதுகிலோ வலி, வாந்தி, பேச்சில் குழப்பம் இதில் ஒன்று வந்தாலும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. நடக்கும்போது குதிகாலுக்கு மேலே நரம்பு சுண்டி வலித்தாலும் சிப்ரோவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த மருந்து தசைநாணைப் பாதிப்பதுண்டு.

எரிச்சலுக்கு நம் ஊரில் ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையோடு ஒரு சிட்ரேட் சிரப் கொடுப்பது வழக்கம். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். சிறுநீர் அப்படி இருக்கும்போது சிப்ரோ துகளாகப் படியக்கூடும். டாக்டருக்குத் தெரியாமல் அதைச் சேர்க்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது. டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவோடு. வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி, இளநீர் எதற்கும் தடை இல்லை. இளநீரில் சர்க்கரை உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் நாளுக்கு ஒன்று போதும்.

மருந்து மாறினால் விதியும் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்ச்சர் வந்தபின் டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதினால் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், பாலும் குடிக்கலாம். சாப்பாட்டோடு போனால்தான் அது நன்றாக ஏறும். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். செஃபுராக்சைமும் செஃப்போடாக்சிமும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். இவற்றுக்கும் ஜெலுசில் ஆகாது. அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போட்டால் வயிறு புரட்டுவது குறையும். இவை எதற்கும் பால் எதிரி இல்லை. 

உங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களில் உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். அதைப் பற்றி இரண்டு வார்த்தை. பாலால் அதற்கு வரும் நஷ்டம் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இரும்பு விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். ரத்தத்தில் ஏறிய டாக்சிசைக்ளினில் கொஞ்சம் திரும்பக் குடலுக்குள் வந்து மறுபடி உள்ளே போகும். அப்போதும் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நேரம் தள்ளிப் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது, அந்த நாள்களில் இரும்பை நிறுத்திவைப்பதே மேல். இன்னொன்று, படுக்கும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டுச் சாய்ந்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும். நம் சித்திரை வெயிலுக்குக் குடையோ துண்டோ இல்லாமல் வயலுக்குப் போகக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு எழுதும் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல், பல் வலிக்கு எழுதும் மெட்ரோனிடசோல் இவற்றோடு மது கூடாது. வீட்டு ஆண்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். டி.பி. மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட் உடம்பிலிருக்கும் பி6 வைட்டமினைக் குறைத்துவிடும். அங்கே மட்டும் பி6 மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், கை கால் மரத்துப்போகாமல் காப்பது அதுதான். ஆக, “ஆன்டிபயாடிக்கோடு வைட்டமின் வேண்டாம்” என்று பொதுவாக யாரும் சொல்லிவிட முடியாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க வேண்டும், பல ஆன்டிபயாடிக்குகள் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும்.

தயிர் வயிற்றுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான், மேலே சொன்ன நேரத்தில். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கப் புரோபயாடிக் கேப்ஸ்யூல் எழுதியிருந்தால் அதை ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் நல்ல கிருமியையும் மருந்து கொன்றுவிடும். நம்மூர் ஜிகர்தண்டா பாலில் செய்வது. பருத்திப்பாலில் மாட்டுப்பால் கிடையாது, ஆனால் இரண்டிலுமே இனிப்பு இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் காரணத்துக்காகவே இப்போது வேண்டாம்.

சங்கு பற்பம் வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிடுங்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் சங்கைப் புடம் போட்டு எடுக்கும் பற்பம் கால்சியம்தான், சிப்ரோவுக்கு அது ஜாடியில் வந்தால் என்ன, அட்டையில் வந்தால் என்ன. ரத்தசோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்புதான். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் பலர் டாக்டரிடம் சொல்வதில்லை, “அது மருந்து இல்லை, நாட்டு மருந்து” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மீனும் கத்திரிக்காயும் சிப்ரோவை ஒன்றும் செய்யாது. கத்திரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்பவர்கள் விட்டுவிடட்டும், மற்றவர்கள் எண்ணெய்க் கத்திரிக்காயே சாப்பிடலாம். மீனில் ஜாக்கிரதை தேவைப்படுவது ஐசோனியாசிட் சாப்பிடும் டி.பி.காரர்களுக்கு, சூரை மாதிரி மீன் சிலருக்கு முகம் சிவந்து தலைவலியைக் கொடுக்கும். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. பசி குறைந்திருக்கும் இந்த நேரத்தில் பத்தியம் என்று சோற்றையும் ரசத்தையும் மட்டும் கொடுத்தால் சர்க்கரை இன்னும் தாறுமாறாகும். மீன் குழம்போ முட்டையோ பருப்போ, அவர் விரும்பிச் சாப்பிடுவதைக் கொடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சிரப் பாட்டில்களையும், அந்தப் பற்பம் டப்பாவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு, எதில் விழுங்குகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டரில் பார்த்த எண்களையும் நேரத்தோடு அதிலேயே குறித்துவிடுங்கள்.